வலது பக்கத்து ஜன்னல்

கப்பலுக்கும் நமக்கும் ஆதியிலிருந்தே ஒரு தகராறு. ஒருத்தன் வாட்டமாக உட்கார்ந்திருந்தால், "என்னப்பா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே?" என்கிறோம். மானம் போனால்கூட பஸ்ஸிலோ ரயிலிலோ போவதில்லை. கப்பலேறித்தான் போகிறது! மிச்சமிருந்த தைரியத்தையும் 1997-ல் வந்த 'டைட்டானிக்' முழுங்கிவிட்டது.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? கல்யாணமான புதுசில் ஊட்டி என்பது ஒரு தலைமுறை. கோவா, பாங்காக் என்பது அடுத்த தலைமுறை. இப்போது ஆபீஸ் கேன்டீனில் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிசுகிசுத்தால் விஷயம் ஒன்று இன்க்ரிமென்ட், இல்லாவிட்டால் க்ரூஸ். மூணு ராத்திரி, சாப்பாடு ஃப்ரீ, ஷோ ஃப்ரீ, நீச்சல் குளம் ஃப்ரீ என்று விளம்பரம் கண்ணடிக்கிறது.

முதல் தடவை போகிற ஜோடிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்தக் கப்பல் சார் பெரிசு?"

இது, பெண் பார்க்குமுன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி. நானும் என் மனைவியும் (கல்யாணமாகி மூன்று வருஷம், தேனிலவு பாக்கி) 2024 பிப்ரவரியில் முதல் க்ரூஸ் போய் வந்தோம். அதற்கு முன் இரண்டு மாசம் சாப்பாட்டு மேஜையில் பேச்சுவார்த்தை. கையில் முதிர்ந்த ஆர்.டி. ஒன்று, அதைத் தாண்டி ஒரு பைசா கிடையாது என்பது உடன்படிக்கை. அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு வரிசை பிடிபட்டது. முதலில் தண்ணீர். அடுத்தது ஊர். அதற்கடுத்தது அறை. கப்பல் கடைசியில்!

முதலில் தண்ணீர்

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, நம்ம சென்னை. 2022 ஜூன் 4-ம் தேதி 'எம்ப்ரஸ்' என்ற கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் இங்கிருந்து கொடியசைத்து அனுப்பி வைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று திட்டம். கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பி, அங்கே அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. 1990-ல் பிரான்ஸில் கட்டியது. மூணு ராத்திரி, நாலு ராத்திரிப் பயணங்களுக்கென்றே ஓடத் தொடங்கிய கப்பல். உள்நாட்டுப் பயணமென்றால் பாஸ்போர்ட் கூட வேண்டாம். துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்தால் போதும்.

இரண்டாவது, மும்பையில் ஏறி கோவா, லட்சத்தீவு பக்கம் போவது. மூன்றாவது, சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறுவது.

எனக்குச் சென்னைதான் இஷ்டம். விமான டிக்கெட் மிச்சம் பாருங்கள்! ஆனால் வீட்டில் ஒரு பிரச்னை. என் மனைவி, கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலகுண்டு தாண்டியதுமே பிளாஸ்டிக் பை கேட்கிறவள். அப்படிப்பட்டவர்கள் கப்பலை விட்டுவிட்டு முதலில் காலண்டரையும் மேப்பையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரைக் கடல் துள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் சீசன். இதனால் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்தெல்லாம் வயிற்றுக்குத்தான்.

மேப்பில் மலாக்கா ஜலசந்தியைப் பாருங்கள். ஒரு பக்கம் மலேசியா, மறு பக்கம் சுமத்ரா. இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே ஓடும் சந்து மாதிரி. பெரிய சமுத்திரத்து அலை சுலபத்தில் உள்ளே வராது. திடீர்க் காற்றும் மழையும் சில மாதங்களில் உண்டு என்றாலும், முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிடச் சாதுவான தண்ணீர் கிடைப்பது கஷ்டம்.

"சிங்கப்பூர்னே வச்சுக்கலாம்" என்றேன், ஆர்.டி.யை மனசுக்குள் தடவிக் கொடுத்தபடி.

அடுத்தது ஊர்

சிங்கப்பூரில் ஏறினால் எங்கே போவது? வடக்கே போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று பல வழிகள். நான் புக்கெட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"பினாங்கு."

"ஏன்?"

"தாத்தா."

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். பினாங்குக் கப்பல் என்பது நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் புதுசில்லை. 'ராஜுலா' என்று ஒரு கப்பல். 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தறி நாடா மாதிரி போய்ப் போய் வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் டன். கட்டின காலத்தில் அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற லைசென்ஸ் இருந்தது. டெக் பயணி என்றால்? அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்தால் அதுதான் உங்கள் பிளாட், பட்டா எல்லாம். அதற்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்தோடு அந்தக் கடல் வழிப் பயணமும் போயிற்று.

மனைவியின் தாத்தா 1955-ல் ராஜுலா ஏறியவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். டிரங்குப் பெட்டி, பாய், ஒரு டெக் டிக்கெட். பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. மொத்தம் பதினாலு வருஷம். நடுவில் ஊருக்கு வந்தது மூன்றே தடவை. (என் மாமியார் பிறந்தது இரண்டாவது லீவுக்கு மறு வருஷம் என்பது குடும்ப வரலாறு.) பாட்டி அத்தனை வருஷமும் இங்கேயே. மாசத்துக்கு ஒரு கடிதாசி.

தாத்தா இப்போது இல்லை. ஆனால் பேத்திக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அவர் சொன்ன கதை இருக்கிறது. "விடியறதுக்கு முன்னாடி முதல்ல ஒரு விளக்குதாம்மா தெரியும். மலை மேல. மின்னி மின்னி அணையும். டெக்ல படுத்திருக்கவன்லாம் எழுந்து உக்காந்துடுவான். ஊரு அப்புறமாத்தான் வரும்."

அந்த விளக்கு கற்பனை இல்லை. பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் முக்கா ஹெட் என்ற முனை. அதன் குன்றின் மேல் 1883-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் மின்னுகிறது.

புக்கெட்டை நான் அப்புறம் வாயில் வைக்கவே இல்லை.

அதற்கடுத்தது அறை

இங்கேதான் நிஜமான யுத்தம். கப்பல் அறைகள் பொதுவாக நாலு ஜாதி. உள் அறை: ஜன்னலே கிடையாது, விளக்கை அணைத்தால் மத்தியானம் மூணு மணியும் நடுராத்திரியும் ஒன்றுதான். ஜன்னல் அறை: திறக்க முடியாத கண்ணாடி, ஆனால் கடல் தெரியும். பால்கனி அறை: இரண்டு நாற்காலியும் காற்றும். அதற்கு மேலே ஸ்வீட். அந்த விலையைப் பார்ப்பதற்கே தனியாக லோன் போட வேண்டும்.

விலை எப்போதும் 'ஒரு நபருக்கு, இருவர் தங்கினால்' என்றுதான் போட்டிருக்கும். தனியாளாகப் போனால் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் காசையும் ஏறக்குறைய நீங்களே கட்ட வேண்டும். (பிரம்மச்சாரிகள் கவனிக்க. கல்யாணம் செய்துகொள்ள இப்படியும் ஒரு காரணம் உண்டு.)

இன்னொரு தந்திரம், 'கேரண்டி' டிக்கெட். விலை மலிவு. ஆனால் அவர்கள் கேரண்டி தருவது அந்த வகையில் ஏதோ ஓர் அறைக்கு மட்டும்தான். எந்தத் தளம், எந்தப் பக்கம், தலைக்கு மேலே டிஸ்கோவா, விடிகாலையில் நாற்காலி இழுக்கிற பஃபே ஹாலா... அதெல்லாம் உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது.

வயிற்றுப் பிரச்னை உள்ளவர்களுக்கு ஒரு பௌதிக பாடம். பார்க்கில் ஏற்றப்பலகை பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் உட்கார்ந்தவன் எகிறுவான்; நடுவில் இருப்பவன் ஆடமாட்டான். கப்பலும் அப்படித்தான். நடு மையத்தில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. இது தவிர, கப்பலின் வயிற்றில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் என்று ஒன்று நீட்டிக்கொண்டு ஆட்டத்தை அடக்கும். வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் குறைவான கீழ்த்தளத்து அறைகள்தான் பெரும்பாலும் விலையும் குறைவு. நம்ம ஊரில் நல்லது மலிவாகக் கிடைக்கிற அபூர்வ இடங்களில் இது ஒன்று.

நான் உள் அறைக்கு வாதாடினேன். "ராத்திரி தூங்கத்தானே போறோம்? கடல் பாக்கணும்னா மொட்டைத் தளத்துக்குப் போனா நாலு பக்கமும் தெரியும். ஃப்ரீயா!"

அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "தாத்தாவும் அப்படித்தானே பாத்தாரு? கட்டாந்தரையில படுத்துக்கிட்டு. நான் மெத்தையில படுத்துக்கிட்டே அந்த விளக்கைப் பாக்கணும்ங்க. அவ்ளோதான்."

பி.காம். மூன்று வருஷத்தில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

உடன்படிக்கை மீறாமல் ஜன்னல் எப்படி? பேப்பரில் இரண்டு கோடு போட்டோம். வரவு: இண்டர்நெட் பாக்கேஜ் வேண்டாம், குடிவகை பாக்கேஜ் வேண்டாம், தனிக் காசு கேட்கும் ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் வேண்டாம். செலவு: ஜன்னல். இரண்டு பக்கமும் டேலி ஆயிற்று.

மறுநாள் டிராவல் ஏஜெண்டிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் தளப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ரைட் சைடுல குடுங்க" என்றாள் மனைவி.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ட்ரெயின்ல லோயர் பெர்த் கேப்பாங்க மேடம். கப்பல்ல ரைட் சைடு கேட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. பினாங்குத் தீவுக்கும் மலேசியாவின் நிலப்பரப்புக்கும் நடுவே, தெற்குப் பக்கத்தில் பாலங்கள் இருக்கின்றன. முதல் பாலம் 1985-ல் திறந்தது, இரண்டாவது 2014-ல். இத்தனை உயரக் கப்பல் அதற்கடியில் நுழைய முடியாது. ஆகவே தீவின் மேற்கே ஏறி, வடமேற்கு முனையைச் சுற்றி, வடக்கு வாசல் வழியாக வர வேண்டும். அப்படிச் சுற்றும்போது தீவு முழுக்க வலது கைப் பக்கம். இடது பக்கத்து ஜன்னல்காரருக்கு வெறும் தண்ணி! எந்த ஊருக்குப் போவதானாலும் மேப்பில் விரலை ஓட்டி, கரை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிட்டு அறை கேளுங்கள். இதற்குத் தனிக் காசு கிடையாது.

கடைசியில்தான் கப்பல்

தண்ணீர், ஊர், அறை மூன்றும் முடிவானால், அந்தத் தேதிக்கு ஒத்து வருகிற கப்பல் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். குழப்பம் தீர்ந்தது. எங்கள் கப்பலின் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களின் சைஸுக்கு மட்டும் ஓர் உதாரணம்: 2016-ல் ஜெர்மனியில் கட்டிய 'ஜென்டிங் ட்ரீம்' ஒன்றரை லட்சம் டன். நம்ம ராஜுலாவைப் போலப் பதினேழு மடங்குக்கும் மேல். (இந்த டன் எடை இல்லை, கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் கணக்கு. தராசு தேட வேண்டாம்.)

விளம்பர விலை என்பது மாப்பிள்ளை வீட்டார் முதலில் சொல்லும் "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" மாதிரி. அப்புறம் துறைமுகக் கட்டணம், வரி, ஓர் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான டிப்ஸ், கரையில் சுற்றிக்காட்ட டூர் என்று பின்னாலேயே சீர்வரிசை வரும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து விளம்பர விலையைப் போல ஒன்றரை மடங்கு ஆனது, விமான டிக்கெட் நீங்கலாக. பட்ஜெட் போடும்போதே இதைப் போட்டுவிட்டால் கடைசி நாள் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்.

ஆபீஸ்காரர்களுக்கு இன்னும் நாலு சமாச்சாரம்:

ஒன்று, சிங்கப்பூர் விசா 'மல்டிபிள் என்ட்ரி'யா என்று பாருங்கள். கப்பல் மலேசியா போய்த் திரும்புவதால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை முப்பது நாள் விசா இல்லாமல் விட ஆரம்பித்தது. அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் கிளம்புமுன் சரிபாருங்கள்.

இரண்டு, வெளிநாட்டு பாக்கேஜ் வாங்கும்போது டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அது போன காசு இல்லை. வருமான வரி ரிட்டர்னில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மூன்று, கப்பல் கிளம்பியதும் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால், "சாப்டியா?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைக் கொடுப்பீர்கள்.

நான்கு, கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானம் ஏறிப் போகாதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள். விமானம் லேட் என்றால் கப்பல் காத்திருக்காது. கை மட்டும் காட்டும்.

ஏறினோம்

சிங்கப்பூரில் மரினா பே க்ரூஸ் சென்டர் 2012-ல் திறந்தது. மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். உள்ளே விமான நிலையம் மாதிரியே எல்லாம். பெட்டிகளை ஸ்கேன் செய்கிறார்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில், வீட்டில் கட்டின சாப்பாடு எதற்கும் அனுமதி இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மாமி, புளியோதரை டப்பாவைப் பிரிய மனசில்லாமல் க்யூவில் நின்றபடியே பாதியைச் சாப்பிட்டு முடித்தார். மீதியை மாமா.

ஏறியதும் முதல் காரியம் பாதுகாப்புப் பயிற்சி. லைஃப் ஜாக்கெட் எங்கே, எந்தப் படகு நமக்கு என்று காட்டுகிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கோர்டியா' கவிழ்ந்தபோது புதிதாக ஏறியிருந்த பலருக்கு அந்தப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம் என்று சர்வதேச விதி வந்தது. 2015 முதல் அமல். செல்ஃபி எடுக்காமல் கவனியுங்கள்.

சாப்பாடு? இந்தியச் சமையலுக்கு ஒரு பகுதி இருந்தது. சாம்பார் என்று எழுதியிருந்த பாத்திரத்தில் பருப்பும் காய்கறியும் ஒன்றையொன்று அறிமுகமில்லாமல் மிதந்தன. மற்றபடி ரொட்டி, நூடுல்ஸ், பழம், கேக்... நம்ம ஜனங்கள் முதல் நாள் தட்டை மலையாகக் குவித்து, இரண்டாம் நாள் மோர் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ராத்திரி மேல் தளத்துக்குப் போனோம். நடுக்கடலில் இருட்டு என்றுதான் நினைப்போம். மலாக்கா ஜலசந்தி, உலகத்திலேயே கப்பல் நெரிசல் அதிகமான பாதைகளில் ஒன்று. வலதும் இடதும் வரிசை வரிசையாகச் சரக்குக் கப்பல்களின் விளக்கு. சாயங்காலம் ஆறரை மணி அண்ணா சாலை, ஹார்ன் மட்டும் இல்லை. ஆட்டம்? தம்ளரில் தண்ணீர் அசையவில்லை. பிளாஸ்டிக் பை பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் போர்ட் கிளாங். கோலாலம்பூர் அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத் தூரம். முக்கால்வாசிப் பேர் இறங்கிப் போனார்கள். நாங்கள் இறங்கவில்லை. காலியான கப்பல் தனி சுகம். நீச்சல் குளத்தில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேசினோம். போன் இல்லை, ஷிஃப்ட் இல்லை, குக்கர் விசில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இது முதல் தடவை என்று அவள்தான் கணக்கு சொன்னாள்.

விளக்கு

மூன்றாம் நாள் விடிகாலை. "என்னங்க... எழுந்திருங்க."

அறை விளக்கு அணைந்திருந்தது. மலேசியாவின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதனால் பிப்ரவரியில் காலை ஆறு மணிக்கும் அங்கே கும்மிருட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர், அதற்கு மேல் இன்னும் கறுப்பாக ஒரு மலை. அதன் உச்சியில்...

மின்னியது. அணைந்தது. மின்னியது.

அவள் தலையணையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏதோ கேட்கலாம் என்று திரும்பினேன், கன்னம் நனைந்திருந்தது. கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையின் விளக்குகள் வந்தன. அப்புறம் அடுக்கு மாடிகள், அப்புறம் வெளிச்சம். தாத்தா சொன்னது சரிதான். ஊர் அப்புறமாகத்தான் வந்தது.

பினாங்கில் ஒரு பெரிய சௌகரியம், கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன். டூரும் வேண்டாம், டாக்ஸியும் வேண்டாம். எதிரிலேயே அறுபதடி மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் வருஷத்துக்கு ஓர் அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் இங்கே இறங்கித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்தவர் பெயர் ஃபிரான்சிஸ் லைட். விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்கினால், ஊரை ஆரம்பித்தவர் பெயரும் லைட்!

பத்துப் பதினைந்து நிமிஷ நடையில் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் மசூதி. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. அவர்கள் தந்த இன்னொரு கொடை நாசி கண்டார். காவடி மாதிரி கண்டா மரத்தில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் அந்தப் பெயர். நாலு குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தெரிந்தது, கப்பல் சாம்பார்மேல் எங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கிறது என்று. இந்தப் பழைய ஊர் முழுவதும் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

மனைவியின் கைப்பையில் ஒரு பழைய கடித உறை. தாத்தாவின் எழுத்தில் கடை விலாசம். தெருவைக் கண்டுபிடித்தோம், எண்ணையும் கண்டுபிடித்தோம். ஜவுளிக் கடை இல்லை. செல்போன் உறை விற்கிறார்கள். கல்லாவில் இருந்த பையன், "வாங்கக்கா, என்ன மாடல்?" என்றான் தமிழில். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலி போட்டான். கடையின் வைஃபையும் கொடுத்தான்.

பாட்டிக்கு வீடியோ கால். எண்பத்தெட்டு வயசு. திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். மனைவி போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்: பத்தடி அகலக் கடை, மேலே மரப் பலகணி, எதிரே நடைபாதை.

பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டுக் கடைக்கா பதினாலு வருஷம்?" என்றாள்.

இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பையன்கூட.

"சரி, ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

பையனிடம் ஓர் உறை வாங்கினோம். எங்கள் போனுக்குப் பொருந்தாத மாடல்தான். வாங்கினோம்.

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட்டோம். கம்பெனி டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பார்த்துக்கொள்ளும். சொந்தமாகச் சுற்றுகிறவர்கள் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்குத் தாங்களே போக வேண்டியதுதான். கடைசி நாள் காலை கணக்கு வந்தது, சிங்கப்பூர் டாலரில். போட்ட பட்ஜெட்டுக்குள் அடங்கியிருந்தது.

ஊருக்கு வந்ததும் வழக்கம்போல நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். விமானம், கப்பல், சாப்பாடு, போன் உறை எல்லாம் அதனதன் தலைப்பில் உட்கார்ந்துவிட்டது. உள் அறைக்கு மேல் ஜன்னலுக்காகக் கொடுத்த தொகை மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. செலவு என்று எழுத மனசு வரவில்லை. முதலீடு என்றால் ஆடிட்டர் சிரிப்பார்.

"இதை எந்தத் தலைப்புல எழுதறது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "பழைய பாக்கின்னு எழுதுங்க."